2006இல் நின்ற பட்டப்படிப்பு: கோண்டாவிலிலிருந்து ஒரு நிகழ்வு ஆய்வு

முதல் நாள் அவர் கையில் ஒரு பிளாஸ்டிக் பை இருந்தது. யாழ்ப்பாணத்தில் ஒரு காலத்தில் எல்லா வீட்டிலும் இருந்த பை அது. அடையாள அட்டைப் பிரதி, பிறப்புச் சான்றிதழ், காணி உறுதி என்று இடம்பெயரும்போது தூக்கிக்கொண்டு ஓட வேண்டியதெல்லாம் அதற்குள் இருக்கும். இவருடைய பையில் கூடுதலாகச் சில தாள்கள். 2003 தொடக்கம் 2006 வரை ஒரு வெளிவாரி (பல்கலைக்கழகத்துக்கு உள்ளே சேராமல் வெளியிலிருந்து படித்துப் பரீட்சை எழுதும்) வணிகப் பட்டப்படிப்புக்குக் கட்டிய காசின் பற்றுச்சீட்டுகள், இரண்டு பெறுபேற்றுத் தாள்கள், ஒரு பரீட்சை அனுமதி அட்டை. அந்த அட்டையில் மேற்பார்வையாளர் கையொப்பமிடும் கட்டங்கள் எல்லாம் வெறுமையாக இருந்தன. பரீட்சைக்கு அவர் போகவே இல்லை.

இவரை இங்கே அண்ணை என்றே எழுதுகிறேன். 2021 ஓகஸ்டில் என்னிடம் வந்தபோது வயது 41. கோண்டாவிலில் வீடு. மருதனார்மடம் பக்கம் ஒரு ஹார்ட்வெயர் கடையில் பதினைந்து வருடமாகக் கணக்கு எழுதுகிறார். மனைவி முன்பள்ளி ஆசிரியை. மூத்த மகள் உயர்தரம் வர்த்தகப் பிரிவில், இளையவன் எட்டாம் வகுப்பில். நான் வார இறுதிகளில் வெளிவாரி மாணவர்களுக்கு வணிகப் பாடங்கள் படிப்பிக்கிறவன். மூன்றரை வருடம் அவருக்குப் பக்கத்தில் நின்று பார்த்தேன். சில இடங்களில் பிழையாகவும் வழிகாட்டினேன். எழுதலாமா என்று கேட்டபோது, "பேரைப் போடாதேங்கோ, அந்தப் பல்கலைக்கழகத்தின்ர பேரையும் போடாதேங்கோ, மற்றதெல்லாம் எழுதுங்கோ" என்றார். முதல் வகுப்புவரை என்னைத் தம்பி என்றவர், அதற்குப் பிறகு சேர் ஆக்கிவிட்டார். அவரைவிட ஏழு வயது இளையவன் நான். மாற்றச் சொல்லிப் பார்த்தேன், கேட்கவில்லை. இது வெறும் மரியாதை இல்லை என்பது பின்னாளில்தான் எனக்கு விளங்கியது.

நின்ற இடம்

1999இல் உயர்தரம், மூன்று பாடமும் சித்தி, ஆனால் பல்கலைக்கழக அனுமதி கிடைக்கவில்லை. 2002இல் போர்நிறுத்த ஒப்பந்தம் வந்து, யாழ்ப்பாணத்தைத் தெற்கோடு இணைக்கும் ஏ9 பாதை திறந்ததும் கொழும்பு கிட்ட வந்த மாதிரி இருந்தது. 2003இல் வெளிவாரியாகப் பதிந்தார். கருத்தரங்குகள் யாழ்ப்பாணத்தில், பரீட்சை கொழும்பில். ஏறக்குறைய 400 கிலோமீற்றர். இரவு பஸ் ஏறி, விடிய இறங்கி, முகம் கழுவி, நேரே பரீட்சை மண்டபம். அப்படிப் போய்ப் போயே 11 பாடங்கள் சித்தியடைந்துவிட்டார்.

2006 ஓகஸ்ட் 11ஆம் திகதி அந்தப் பாதையின் முகமாலைச் சோதனைச் சாவடி மூடப்பட்டது. அடுத்த பரீட்சை செப்ரெம்பரில். குடாநாட்டை விட்டு வெளியே போவதென்றால் படையினரிடம் கிளியரன்ஸ் எடுக்க வேண்டும். எடுத்தாலும் காங்கேசன்துறையிலிருந்து திருகோணமலைக்குக் கப்பல், இல்லையென்றால் பலாலியிலிருந்து விமானம். ஊரடங்கும் சங்கக்கடை வரிசையுமாக இருந்த அந்த மாதங்களில் ஒரு பரீட்சைக்காகக் கப்பல் ஏறுகிறேன் என்று சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. ஹார்ட்வெயர் கடை வேலை கிடைத்தது, 2009இல் யுத்தம் முடிந்தது, பாதையும் திறந்தது.

இதுவரை விளங்குகிறது. இந்த ஆய்வின் கேள்வி இதற்குப் பிறகுதான் வருகிறது. பாதை திறந்தது 2009இல். அவர் திரும்பிப் படிக்க வந்தது 2021இல். இடையில் கிடந்த பன்னிரண்டு வருடத்துக்கு என்ன காரணம்?

கேட்டேன். "நேரமில்லை சேர்." என் குறிப்புப் புத்தகத்தில் 'நேரமின்மை' என்று எழுதி அடிக்கோடும் போட்டேன். அது பிழை என்று தெரிய எனக்கு ஏழு மாதம் எடுத்தது.

எது உயிரோடு இருக்கிறது

நடுவயதில் படிக்கத் திரும்புகிறவர்கள் பெரும்பாலும் புதிதாக ஒன்றைத் தொடங்கவே பார்க்கிறார்கள். ஏதாவது தனியார் டிப்ளோமா, ஒரு வருடம், பளபளவென்று ஒரு சான்றிதழ். அண்ணையும் அந்த எண்ணத்தோடுதான் வந்தார். வேறு வழிகளையும் பேசினோம். 1980இல் நுகேகொடை நாவலவைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கிய இலங்கைத் திறந்த பல்கலைக்கழகத்தின் பிராந்திய நிலையம் கொக்குவிலிலேயே இருக்கிறது, சைக்கிளில் போகிற தூரம். கணினி பக்கம் ஆசை இருந்தால் கொழும்புப் பல்கலைக்கழகக் கணினிக் கல்லூரியின் வெளிவாரி பி.ஐ.ரி. (தகவல் தொழில்நுட்பப் பட்டம்) 2000ஆம் ஆண்டு முதல் நடக்கிறது. அதில் முதல் வருடத்தோடு டிப்ளோமா, இரண்டாம் வருடத்தோடு உயர் டிப்ளோமா என்று இடையில் இறங்கவும் படி வைத்திருக்கிறார்கள். வேலைக்குப் போகிறவருக்கு இப்படிப் படிகள் இருப்பது பெரிய விசயம்.

ஆனால் அவரிடம் 11 பாடங்கள் இருந்தன. முதலில் அதைக் கேட்போம் என்றேன். பல்கலைக்கழகக் கந்தோருக்குத் தொலைபேசி எடுக்கச் சொன்னேன். மூன்று வாரம் எடுக்கவில்லை. கடைசியில் ஒரு மத்தியானம் என் முன்னால் இருந்துகொண்டு எடுத்தார். மறுமுனையில் ஒரு பெண்குரல் பதிவு இலக்கத்தைக் கேட்டது. அவர் பையைத் திறக்காமலே பதினெட்டு வருடத்துக்கு முந்திய இலக்கத்தை மடமடவென்று சொன்னார். மறுமுனையில் கொஞ்ச நேரம் சத்தமில்லை. பிறகு, "இது எந்த வருசம், ஐயா?"

பழைய பதிவு காலாவதி. அது எதிர்பார்த்ததுதான். ஆனால் புதிதாகப் பதிந்துகொண்டு, முன்பு சித்தியடைந்த பாடங்களுக்கு விதிவிலக்குக் கேட்டு விண்ணப்பிக்க ஒரு வழி இருந்தது. பெறுபேற்றுத் தாளும் அந்தக் காலத்துப் பாடத்திட்டமும் வேண்டும் என்றார்கள். தாள் பையில் இருந்தது. 2003ஆம் ஆண்டுப் பாடத்திட்டக் கையேட்டை எங்கே தேடுவது? கூடப் படித்து முடித்து இப்போது ஆசிரியராக இருக்கிற ஒருவரிடம் இருக்கலாம் என்று 750 பஸ் ஏறி நெல்லியடிக்குப் போனார். இருந்தது, ஒரு தகரப் பெட்டிக்குள், கறையான் ஓரம் மட்டும் தின்றபடி. அந்த நண்பர் அதை எடுத்துத் தரும்போது, "இன்னும் முடிக்கேல்லையோடா?" என்று கேட்டாராம். வேறொன்றும் நினைத்துக் கேட்டிருக்க மாட்டார். அண்ணை இதை எனக்குச் சொன்னது இரண்டு வருடம் கழித்து.

11இல் 6 பாடங்களை ஏற்றுக்கொண்டார்கள். மற்ற ஐந்தையும் தள்ளியதில் எனக்கு வருத்தமில்லை, நானே தள்ளியிருப்பேன். அவர் படித்த வணிகச் சட்டத்தில் இருந்தது 1982ஆம் ஆண்டின் கம்பனிகள் சட்டம். அதை 2007இன் 7ஆம் இலக்கச் சட்டம் மாற்றிவிட்டது. வரி பாடம் 2017இன் 24ஆம் இலக்க உள்நாட்டு இறைவரிச் சட்டத்தோடு அடியோடு மாறிவிட்டது. 2012 ஜனவரி முதல் நாட்டின் கணக்கீட்டு நியமங்களே சர்வதேச நியமங்களோடு இணைந்துவிட்டதால் இரண்டு கணக்கீட்டுப் பாடங்களும் போயின. ஐந்தாவது கணினி அறிமுகம். அதைப் பற்றிச் சொல்ல என்ன இருக்கிறது, பிளொப்பி டிஸ்க்கின் கொள்ளளவு கேட்ட காலத்துப் பாடம்.

மணிக்கணக்கு

மூன்று வருடப் பட்டம் என்கிறார்கள். இந்த மூன்று யாருடைய மூன்று என்று யாரும் சொல்வதில்லை. இலங்கைத் தகைமைச் சட்டகத்தின்படி பொதுப் பட்டம் ஒன்றுக்கு 90 திறமைப் புள்ளிகள், ஒரு புள்ளிக்கு மாணவரின் உழைப்பு 50 மணித்தியாலம். அதாவது 4,500 மணித்தியாலம், வருடத்துக்கு 1,500. 52 வாரமும் விடாமல் படித்தாலும் வாரத்துக்கு ஏறக்குறைய 29 மணித்தியாலம். காலை எட்டரைக்குக் கடை திறந்து இரவு ஏழுக்குப் பூட்டுகிற ஒருவருக்கு அது நடக்கிற காரியமா?

6 பாடங்கள் ஏற்கப்பட்டதால் 18 புள்ளிகள் கழிந்தன. மிச்சம் 72, அதாவது 3,600 மணித்தியாலம். விடிய நாலரை தொடக்கம் ஆறரை வரை, கிழமையில் ஆறு நாள், ஞாயிறு நாலு மணித்தியாலம், மொத்தம் 16. வருடத்தில் நல்லூர்த் திருவிழா 25 நாளையும், மார்ச் 31 கணக்கு முடிப்பைச் சுற்றிய இரண்டு கிழமையையும் முதலே கழித்துவிட்டோம். அந்த நாட்களில் அவர் புத்தகம் தொடமாட்டார் என்பது எங்கள் இருவருக்கும் தெரியும். 46 வாரம், 736 மணித்தியாலம். அப்படியென்றால் கிட்டத்தட்ட ஐந்து வருடம். நான் கணக்கைக் காட்டியபோது அவர் முகம் மாறவில்லை. கணக்கு எழுதுகிறவர்களுக்குப் பெரிய எண் பயமில்லை, தெரியாத எண்தான் பயம்.

கடைப் பேரேடு மாதிரி ஒரு கொப்பியில் நாள்வாரியாகப் படித்த நேரத்தைப் பதிந்தார். முடிவில் கூட்டியபோது 2,640 மணித்தியாலம். 3,600இலிருந்து அவ்வளவு குறைந்ததற்குக் காரணம் அவருடைய வேலை. 150 மணித்தியாலம் வேண்டிய செலவுக் கணக்கீட்டை அவர் 60இல் முடித்தார், ஏனென்றால் சரக்கு, கழிவு, கடன் எல்லாம் தினமும் கையில் புழங்குகிறவை. ஆங்கிலத்தில் கட்டுரை எழுத வேண்டிய மனிதவள முகாமைத்துவம் 200ஐத் தாண்டியது. வேலை பார்க்கிறவருக்கு அட்டவணை போடுகிறவர்கள் எல்லாப் பாடத்துக்கும் ஒரே நேரம் ஒதுக்குகிறார்கள். நானும் அப்படித்தான் போட்டேன். மூன்று முறை போட்டேன், மூன்றும் ஒரு மாதம் தாண்டவில்லை.

மொழியையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். முன்பு தமிழில் படித்தார். இப்போது கற்கைநெறி முழுவதும் ஆங்கிலம். ஒரு சி.ஆர். கொப்பியில் மூன்று நிரல் கீறினார். முதல் நிரலில் தான் படித்த காலத்துச் சொல், இரண்டாவதில் இப்போது மகளின் புத்தகத்தில் இருக்கும் சொல், மூன்றாவதில் ஆங்கிலச் சொல். ஐந்தொகை என்று அவர் எழுதிய இடத்துக்கு நேரே நிதிநிலைமைக் கூற்று என்று மகள் எழுதியிருந்தாள். கடைசியாக வந்த சரக்கை முதலில் விற்றதாகக் கணக்கிடும் முறையை எழுதி, அதன் மேல் சிவப்புப் பேனையால் குறுக்கே கோடு. இன்றைய நியமத்தில் அந்த முறைக்கு இடமில்லை. "இதை மனப்பாடம் பண்ண நான் எத்தினை இரவு முழிச்சனான் தெரியுமே" என்று மட்டும் சொன்னார்.

பூச்சியம்

முதல் அரையாண்டில் நான்கு பாடங்கள். ஒவ்வொன்றுக்கும் மூன்று ஒப்படைகள், மொத்தம் 12. ஒப்படைகளில் குறைந்த அளவு புள்ளி எடுத்தால்தான் இறுதிப் பரீட்சை எழுதவே விடுவார்கள். அவர் அனுப்பியது ஐந்து. இரண்டு பாடங்களில் பரீட்சைத் தகுதி போய்விட்டது.

நேரப் பிரச்சினைதான் என்று நான்காவது அட்டவணைக்கு ஆயத்தமாகிக்கொண்டிருந்தேன். வீட்டுக்குப் போனபோது விறாந்தையில் மகள்தான் சொன்னாள்: "சேர், அப்பா ஒண்டையும் செய்யாமல் விடேல்லை. எல்லாம் செய்து வைச்சிருக்கிறார். அனுப்பேல்லை."

மடிக்கணினியைத் திறந்து காட்டினாள். ஏழு கோப்புகள். ஒன்றில் ஐந்து கேள்விகளில் நான்கு முழுதாக முடிந்திருந்தன. இன்னொன்றில் கடைசிப் பந்தி மட்டும் இல்லை. ஒன்று முழுவதும் முடிந்திருந்தது, ஆனால் தேறிய இலாபத்தில் எங்கேயோ 1,200 ரூபா உதைத்தது. அதைத் தேடிக்கொண்டிருக்கும்போதே கடைசித் திகதி போய்விட்டது. அனுப்பியிருந்தால் எழுபதாவது கிடைத்திருக்கும். கிடைத்தது பூச்சியம்.

அண்ணை கிணற்றடியிலிருந்து வந்து நின்றார். கோப்புகள் திறந்திருப்பதைக் கண்டதும் துவாயால் முகத்தைத் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"அரைகுறையாக் குடுக்க வெக்கமா இருக்கு சேர். திருத்துற அந்த மிஸ்ஸுக்கு முப்பது வயசும் இராது. கடையில ஒரு ரூபா பிழைச்சாலும் நான் கணக்கை மூடமாட்டன். இதென்னெண்டு குடுக்கிறது?"

என் குறிப்புப் புத்தகத்தில் 'நேரமின்மை'யை வெட்டியது அன்றுதான். தொலைபேசி எடுக்கத் தயங்கிய மூன்று வாரம், நெல்லியடி நண்பரின் கேள்வியை இரண்டு வருடம் வெளியே சொல்லாதது, ஏழு வயது இளையவனைச் சேர் என்று அழைத்துத் தன்னை ஒரு பள்ளிக்கூடப் பெடியனாக்கி ஒதுங்கிக்கொண்டது, எல்லாம் ஒரே நூலில்தான் கோத்திருந்தன. 2009இல் பாதை திறந்தபோது அவரைத் தடுத்ததும் இதுதான் என்று நினைக்கிறேன். மூன்று வருடம் பிந்திவிட்டது, இனி எந்த முகத்தோடு போய்க் கேட்பது என்று ஒரு வருடம். மறுவருடம் நான்கு வருடம் பிந்தியிருந்தது. கேட்டுப் பார்த்தேன், மறுக்கவில்லை.

சூம் வகுப்புகளிலும் இதே கதை. மடிக்கணினி மகளுடையது, திரையில் மகளின் பெயர். கமராவை அவர் போடுவதில்லை. ஒரு நாள் விரிவுரையாளர் அந்தப் பெயரைச் சொல்லி, "பிள்ளை, நீங்கள் சொல்லுங்கோ பாப்பம்" என்று கேட்டிருக்கிறார். அண்ணைக்கு விடை தெரியும். குரல் காட்டிக் கொடுத்துவிடுமே என்று இணைப்பைத் துண்டித்துவிட்டு, மின்சாரம் நின்றுவிட்டதாகப் பிறகு குழுவில் எழுதினார். இதை அவரே சொல்லிச் சிரித்தார், ஆனால் மூன்றாம் வருடத்தில்.

இந்த ஊரில் இந்த வெட்கம் எப்போது வந்தது என்று யோசிக்கிறேன். லண்டன் பல்கலைக்கழகம் வெளிவாரிப் பரீட்சையை 1858இலேயே திறந்துவிட்டது. கொழும்பில் 1921இல் தொடங்கிய பல்கலைக்கழகக் கல்லூரியே 1942இல் இலங்கைப் பல்கலைக்கழகம் வரும்வரை லண்டன் பரீட்சைகளுக்குத்தான் மாணவரை ஆயத்தப்படுத்தியது. நம் தாத்தா காலத்து வாத்திமார் பலர் பகலில் படிப்பித்து இரவில் அரிக்கன் இலாம்பில் படித்து எடுத்தது அந்த லண்டன் பி.ஏ.யைத்தான். கேற்றில் பெயர்ப் பலகையில் அதைப் பெரிதாக எழுதியும் வைத்தார்கள். எத்தனையாவது வயதில் முடித்தார் என்று யாரும் கேட்டதாகத் தெரியவில்லை. இப்போது "வெளிவாரிதானே" என்று ஒரு 'தானே' போடுகிறோம்.

சரி, என்ன செய்தோம்? அறிவுரை சொல்லிப் பயனில்லை, அவருடைய தொழிலில் இருந்தே ஒரு சொல்லை எடுத்தேன். பரீட்சை மீதி, அதாவது பேரேட்டின் பற்று, வரவு மொத்தங்களை ஒப்பிடும் பட்டியல், பொருந்தாவிட்டால் கணக்காளர் என்ன செய்வார்? வித்தியாசத்தைத் தொங்கல் கணக்கில் போட்டுவிட்டு மேலே வேலையைப் பார்ப்பார். பிழை பிறகு அகப்படும்போது திருத்துவார். "கடையில நீங்கள் தொங்கல் கணக்குத் திறந்ததே இல்லையோ?" என்று கேட்டேன். திறந்திருக்கிறார், பல தடவை. "அப்ப இதையும் தொங்கலில போட்டு அனுப்புங்கோ" என்றேன். கடைசித் திகதிக்கு முதல் நாள் இரவு எட்டு மணிக்கு எந்த நிலையில் இருக்கிறதோ அந்த நிலையில் அனுப்பிவிடுவது என்று விதி. பொத்தானை அழுத்துவது மகளின் பொறுப்பு. அவர் இன்னும் பத்து நிமிடம் கேட்டாலும் கொடுக்கக் கூடாது. அவள் கொடுக்கவுமில்லை.

அடுத்த அரையாண்டில் 12க்கு 12ம் போனது. புள்ளிகள் 38 தொடக்கம் 71 வரை. அந்த 38ஐப் பார்த்த பிறகு ஒரு கிழமை என்னோடு பேசவில்லை. எட்டாம் நாள் வந்து, "பரவாயில்லை, 38 எண்டாலும் பூச்சியத்தைவிட 38 கூட" என்றார்.

ஜெனரேற்றர்

ஆனால் 2022 எங்கள் திட்டத்தில் இல்லாத ஒன்று. மின்வெட்டு மார்ச் கடைசியில் நாளுக்கு 13 மணித்தியாலம் வரை போனது. வீட்டில் ஒரே ஒரு சார்ஜ் இலாம்பு. ஒரே மேசையில் ஒரு பக்கம் அவர், மறுபக்கம் உயர்தரத்துக்குப் படிக்கும் மகள். 2022ஆம் ஆண்டு உயர்தரப் பரீட்சை பிந்திப் பிந்தி 2023 ஜனவரியில்தான் வந்தது என்பதால் அந்த இலாம்பைப் பங்குபோடுவதும் நீண்டது. கரன்ற் போய்க் கொஞ்ச நேரத்தில் போன் கோபுரத்தின் பற்றரியும் இறங்கிவிடும், சிக்னல் ஒரு கோட்டுக்கு வந்து நிற்கும். கற்றல் தளங்களுக்குக் கட்டணமில்லாத இணைப்பு, சூம் என்று 2020இல் பல்கலைக்கழகங்களுக்கு அவற்றை இணைக்கும் லேர்ண் இணைய வலையமைப்பு ஊடாகச் செய்த ஏற்பாடுகள் எல்லாம் நல்லவைதான். ஆனால் இணைப்பே இல்லாவிட்டால் இலவசம் எதற்கு?

அந்த நாட்களில் ஒரு பரீட்சை. வீட்டிலிருந்தே கையால் எழுதி, போனில் ஸ்கான் செய்து, ஒரே பி.டி.எஃப். ஆக்கி, முடிந்து 30 நிமிடத்துக்குள் ஏற்ற வேண்டும். அன்றைய வெட்டு நேரம் பரீட்சையின் மேலேயே விழுந்தது. கடையில் ஜெனரேற்றர் இருக்கிறது. ஆனால் முதலாளிக்கு இவர் படிக்கிற விசயமே தெரியாது. இவ்வளவு நாளும் சொல்லவில்லை. முதல்நாள் மாலை கல்லாப்பெட்டிக்குப் பக்கத்தில் நின்று சொன்னாராம், தலையைக் குனிந்துகொண்டு, சம்பள உயர்வு கேட்கிறவர் மாதிரி. வரிசையில் நின்று வாங்கி வைத்த டீசல் அது, கடைக்கே காணாது. முதலாளி கொஞ்சம் யோசித்துவிட்டு, "மூண்டு மணித்தியாலம் காணுமோ?" என்று கேட்டார். பிறகு, "முந்தியே சொல்லியிருந்தா ஒரு மூலையில மேசை போட்டுத் தந்திருப்பன்."

நானும் போயிருந்தேன். பெயின்ற் வாளிகளுக்கும் பி.வி.சி. குழாய்களுக்கும் நடுவில் ஒரு மேசை. வெளியே ஜெனரேற்றர் சத்தம். 23 பக்கம் எழுதினார். ஸ்கான் செய்தால் கோப்பு 61 எம்.பி., தளம் ஏற்பது 20 மட்டும். பதினெட்டு நிமிடம் மிச்சம். மகளுக்குப் போன் போட்டோம். அவள் அங்கிருந்து, "அப்பா, கலரை விட்டிட்டுக் கறுப்பு வெள்ளையில எடுங்கோ, பக்கத்தைத் திருப்பாதேங்கோ, முதல்ல இருந்து எடுங்கோ" என்று ஒவ்வொன்றாகச் சொன்னாள். திரும்பவும் 23 பக்கம். கடையில் வேலை செய்கிற பெடியன் ஒருவன் தாள்களை ஒவ்வொன்றாக எடுத்து வைத்தான், முதலாளி டோர்ச் பிடித்தார். நான்கு நிமிடம் இருக்கும்போது கோப்பு ஏறியது. 11ஆம் பக்கம் தலைகீழ். அதைத் திருத்த நேரமிருந்தும் அவர் திருத்தவில்லை. "தொங்கல்ல கிடக்கட்டும்" என்றார். அந்தப் பாடத்துக்கு 64.

அதற்குப் பிறகு ஒளிப்பதற்கு ஒன்றும் இருக்கவில்லை. வகுப்பில் கமரா போட்டார், தன் பெயரையும் போட்டார். ஒரு கேள்வி கேட்டுவிட்டு அன்று முழுவதும் உற்சாகமாக இருந்தார். அந்தக் கேள்வி பிழையான கேள்வி என்பது வேறு விசயம்.

கிடைத்ததும் கிடைக்காததும்

2025 தொடக்கத்தில் கடைசிப் பரீட்சை. புள்ளிவிபரவியல் மட்டும் இரண்டு முறை எழுத வேண்டி வந்தது. வகுப்புச் சித்தி இல்லை, சாதாரண சித்தி. ஐந்து வருடம் என்று போட்ட கணக்கு மூன்றரையில் முடிந்தது.

சம்பளம் கூடவில்லை. அரச வேலைகளுக்கான திறந்த போட்டிப் பரீட்சைகளின் வயதெல்லை அவருக்கு எப்போதோ கடந்துவிட்டது. பக்கத்துக் கடைகள் இரண்டு வரிப் படிவம் நிரப்பித் தரச் சொல்லிக் கேட்கின்றன. அது கொஞ்சம் காசு. இவ்வளவுக்கும் கட்டிய காசு, ஒரு சீட்டை ஏலத்தில் கழிவோடு எடுத்த நட்டம், மூன்றரை வருட விடியற்காலை எல்லாவற்றையும் கூட்டினால் வரவு செலவு பொருந்தாது. படிக்கத் திரும்புகிறவர்களிடம் இதை நான் மறைப்பதில்லை. மகள் 2023 ஜனவரிப் பரீட்சையில் நன்றாகச் செய்து வவுனியாப் பல்கலைக்கழகத்துக்குப் போய்விட்டாள். வகுப்பு ஒப்படை ஒன்றைக் கடைசித் திகதி தாண்டியும் அனுப்பாமல் வைத்திருந்தாளாம். அண்ணை போனில் ஏசியதைக் கேட்டேன்.

ஒரு குறைபாட்டையும் சொல்ல வேண்டும். இது ஒருவரின் கதை. இவருக்கு வீட்டில் ஒரு மடிக்கணினி இருந்தது, உதவ மகள் இருந்தாள், கடைசியில் முதலாளியும் வந்தார். விடிய நாலரைக்கு அடுப்படியில் நிற்க வேண்டிய ஒரு பெண்ணுக்கு இதே திட்டம் முதல் கிழமையிலேயே உடைந்திருக்கும். நாலரைக்கு அவர் படிக்க இருந்த ஒவ்வொரு நாளும் அவருடைய மனைவி அடுப்படியில்தான் நின்றார். அவரிடம் நான் மூன்றரை வருடத்தில் ஒரு கேள்விகூடக் கேட்கவில்லை என்பதை இதை எழுதும்போதுதான் கவனித்தேன்.

போன மாதம் அண்ணை திரும்ப வந்தார், அதே பையோடு. பட்டமளிப்புக்குப் படிவம் நிரப்ப வேண்டும். ஆங்கிலத்தில் அவருடைய பெயர் 2003ஆம் ஆண்டுப் பெறுபேற்றுத் தாளில் ஒரு விதமாகவும் இப்போதைய அடையாள அட்டையில் இன்னொரு விதமாகவும் எழுதப்பட்டிருக்கிறது. ஓர் எழுத்துத்தான் வித்தியாசம். நம் ஊரில் இது இல்லாத வீடு எது? ஆனால் விதிவிலக்குத் தந்த ஆறு பாடங்களும் பழைய பெயரில் இருக்கின்றன, மற்றவை புதிய பெயரில். சத்தியக்கடதாசி கொண்டுவரச் சொல்லியிருக்கிறார்கள்.

கோண்டாவில் சந்தியில் ஒரு சமாதான நீதவானிடம் போனோம். அவர் மாதிரி வசனத்தை எடுத்துப் பெயர்களை நிரப்பினார். 'மேற்குறித்த இரண்டு பெயர்களாலும் குறிக்கப்படுபவர் ஒருவரே என்றும் அவர் நானே என்றும்' என்று வாசித்துவிட்டு, சரியா என்று அண்ணையைப் பார்த்தார். அண்ணை இன்னொரு தரம் வாசிக்கச் சொன்னார். பிறகு கையெழுத்து வைத்தார்.